இந்த ஞாயிறு யார் டியூட்டி?

எங்கள் பாய்மரப் படகு கிளப்பில் ஒவ்வொரு பிப்ரவரி கடைசியிலும் ஒரு பட்டியல் வரும். மார்ச் முதல் டிசம்பர் வரை ஞாயிற்றுக்கிழமைகளிலும், கோடையில் புதன் மாலைகளிலும் யாருக்கு என்ன டியூட்டி என்று அதில் போட்டிருக்கும். போட்டியை நடத்தும் ரேஸ் ஆபீசர் ஒருவர், அவருக்கு உதவியாக ஒருவர், ரெஸ்க்யூ படகில் இரண்டு பேர், அடுப்படியில் ஒருவர். டாக்டர், லாரி ஓட்டுநர், பள்ளி ஆசிரியை, பென்ஷன்காரர் என்று யாராக இருந்தாலும் வருஷத்தில் சில தடவை பெயர் வந்தே தீரும். சம்பளத்துக்கு ஒருவரும் கிடையாது.

படகுப் போட்டி பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு பட்டியலில் ஆரம்பிக்கக் காரணம் இருக்கிறது. கிளப் என்றதும் எல்லாரும் கேட்பது படகைப் பற்றித்தான். எவ்வளவு வேகம் போகும், கவிழ்ந்தால் என்ன ஆகும், குளிராதா. இத்தனை வருஷம் இங்கே இருந்து பார்த்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் பட்டியல். தண்ணீரில் முப்பது பேர் ஒரு மணி நேரம் கவலையில்லாமல் போட்டியிட வேண்டும் என்றால், கரையில் ஐந்து பேர் தங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறும். பட்டியல் கலைந்தால் கிளப்பும் கலைந்துவிடும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதி. கடல் எந்தத் திசையில் போனாலும் தூரம்தான். ஆனால் குடிநீருக்காகத் தேக்கிய நீர்த்தேக்கங்கள் இங்கே நிறைய. ரட்லண்ட் வாட்டர், கிராஃபம் வாட்டர் போன்றவை பெரியவை, பேர்பெற்றவை. எங்களுடையது சின்னது. தண்ணீர் நிறுவனத்திடம் குத்தகைக்கு வாங்கிய ஒரு ஓரம், ஒரு கட்டடம், படகு நிறுத்த ஒரு புல்வெளி, இரண்டு மரத்துறை. மூன்று பக்கமும் மரங்கள் என்பதால் காற்று ஒரு நிலையில் நிற்காது. கடலில் ஓட்டிப் பழகியவர்கள் எங்கள் ஏரிக்கு வந்தால் முதல் நாள் திண்டாடிப் போவார்கள்.

ரேஸ் ஆபீசர் டியூட்டியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அன்றைய ராஜா அவர்தான், அன்றைய வேலைக்காரரும் அவர்தான். காலை ஒன்பது மணிக்கே வந்து காற்றைப் பார்க்க வேண்டும். படகுகள் சுற்றிவர வேண்டிய மிதவைகளில் முதலாவதைக் காற்று வரும் திசையில் போட வேண்டும் என்பது விதி மாதிரி. அப்போதுதான் படகுகள் கிளம்பியதும் காற்றை எதிர்த்து இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏற வேண்டியிருக்கும், யாருக்குக் காற்று புரிகிறது என்று அந்த முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும். ரெஸ்க்யூ படகை அனுப்பி மிதவையைப் போட்டு நங்கூரம் இறக்கி முடிப்பதற்குள் காற்று இருபது டிகிரி திரும்பியிருக்கும். தூக்கு, மறுபடி போடு. திரும்பவும் திரும்பினால், சரி, இருக்கட்டும் என்று ஒரு முடிவு எடுக்கத் தெரிந்தவரே நல்ல ரேஸ் ஆபீசர்.

அப்புறம் கொடிகள். கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது, போட்டியிடும் படகு வகையைக் குறிக்கும் வகைக்கொடி ஏறும், ஹாரன் ஒன்று. நான்கு நிமிஷம் இருக்கையில் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் உள்ள கொடி. ஒரு நிமிஷம் இருக்கையில் அது இறங்கும், ஹாரன் நீளமாக ஒலிக்கும். பூஜ்யத்தில் வகைக்கொடியும் இறங்கினால் போட்டி தொடங்கிவிட்டது. யாராவது முந்தித் தொடக்கக் கோட்டைத் தாண்டியிருந்தால் வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி ஏறும், அவர் திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். பாதிப் பேர் தாண்டியிருந்தால் நீலமும் மஞ்சளுமான முக்கோணக் கொடி, எல்லாரும் திரும்ப வேண்டியதுதான். காற்று செத்துப்போய்ப் போட்டியைச் சுருக்கும்போது ஏறுவது வெள்ளையின் நடுவே நீலச் சதுரம். முதலில் சொன்ன கொடியை அப்படியே நிறம் மாற்றிப் போட்டது போல இருக்கும். புதிதாக டியூட்டிக்கு வருபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள் என்பதால், போட்டியை நடத்தும் இடமான எங்கள் ரேஸ் குடிசையில் கொடிகள் தொங்கும் கொக்கிகளுக்கு மேல் படம் வரைந்து ஒட்டியிருக்கிறோம். ஹாரன் வேலை செய்யாவிட்டால் பாதகமில்லை. விதிப்படி நேரம் கொடியை வைத்துத்தான், சத்தம் கவனத்தைத் திருப்ப மட்டும்.

ஒரு கோடையில் என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். வருவதற்கு முன் போனில், "ஏட்டி, லீவு நாள்ல போயி அந்தக் குளிர்ல என்னத்துக்கு நிக்க?" என்பதுதான் அவருடைய வழக்கமான கேள்வி. அன்றைக்கு எனக்கு உதவியாளர் டியூட்டி. அம்மாவை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கூடவே கூட்டிப் போனேன். அவர் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரேஸ் குடிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், படகுகள் ஒவ்வொரு சுற்று முடித்துக் கோட்டைத் தாண்டும்போதும் பாயில் இருக்கும் எண்களைத் தானாகவே படிக்க ஆரம்பித்தார். அன்றைய ரேஸ் ஆபீசர் எழுபது தாண்டிய ஆங்கிலேயர். இரண்டு சுற்று பார்த்தார், மூன்றாவது சுற்றில் பேனாவையும் தாளையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி எண்கள் மட்டும். "சார், திஸ் ஒன் டூ டைம் கம்மிங்" என்று அம்மா காட்டியதில் ஒரு படகின் சுற்றுக்கணக்கு திருத்தப்பட்டது. வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவர் சொன்னது: "நம்ம ஊரு மண்டகப்படி மாதிரில்லா இருக்கு. இன்னிக்கு உங்க வீட்டு முறை, நாளைக்கு எங்க வீட்டு முறை." நான் இத்தனை நாள் பலரிடம் விளக்கப் பார்த்ததை அவர் ஒரே பகலில் பிடித்துவிட்டார்.

அம்மா எழுதிய அந்தத் தாளை வைத்துத்தான் யார் ஜெயித்தார் என்பது முடிவாகும். கோட்டை முதலில் தாண்டியவர் ஜெயித்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. எங்களிடம் ஒரே போட்டியில் பல வகைப் படகுகள் ஓடும். ஒற்றை ஆள் லேசர், இரண்டு பேர் ஏறும் என்டர்பிரைஸ், மிரர், பிள்ளைகளின் டாப்பர். ஒவ்வொரு வகைக்கும் போர்ட்ஸ்மத் எண் என்று ஒன்று உண்டு. போர்ட்ஸ்மத் வட்டாரத்தில் இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் பிறந்த முறை, இன்றைக்கு பிரிட்டன் முழுக்க நடப்பில் இருக்கிறது. எண் குறைவாக இருந்தால் வேகமான படகு. லேசருக்குச் சுமார் 1100, மிரருக்குச் சுமார் 1390. எடுத்துக்கொண்ட நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் வரும். லேசர் 44 நிமிஷத்தில் முடித்தால் 2640 விநாடி, திருத்தினால் 2400. அதே தூரத்தை மிரர் 55 நிமிஷத்தில் முடித்தால் 3300 விநாடி, திருத்தினால் 2374. பதினோரு நிமிஷம் பின்னால் வந்த மிரர் 26 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது.

இந்த எண்கள் எங்கோ ஒரு நிபுணர் கூட்டம் உட்கார்ந்து எழுதியவை அல்ல. நாடெங்கும் இருக்கிற கிளப்கள் தங்கள் போட்டி முடிவுகளை அனுப்ப, அதைத் திரட்டி, பிரிட்டனின் படகு விளையாட்டு அமைப்பான ராயல் யாட்டிங் அசோசியேஷன் ஆண்டுதோறும் பட்டியலை வெளியிடுகிறது. அதாவது அம்மா எழுதிய மாதிரித் தாள்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துதான் அந்த எண் உருவாகிறது. எனக்கு இதில் உள்ள மகிழ்ச்சி சொல்லி மாளாது. அறுபது வருஷப் பழைய மரப்படகில் வரும் தாத்தாவும் புத்தம்புதுப் படகில் வரும் இளைஞரும் ஒரே தாளில் எழுதப்படுகிறார்கள், யாருக்கும் சலுகை இல்லாமல்.

சில நாள் இதையே தலைகீழாகப் போட்டு துரத்தல் போட்டி வைப்போம். மெதுவான படகு முதலில் கிளம்பும், வேகமானவை அவற்றின் எண்ணுக்கு ஏற்பக் காத்திருந்து பின்னால் கிளம்பும். முடிவு நேரம் வரும்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவரே வென்றவர். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குத் தெற்கே இருக்கும் குவீன் மேரி நீர்த்தேக்கத்தில் ஜனவரிக் குளிரில் நடக்கும் பிளடி மேரி இந்த வகையில் மிகப் பெரியவற்றில் ஒன்று. எங்களுடையது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடக்கும். முதலில் கிளம்புவது பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை. பெரிய ஏரியில் சிறிது நேரம் அந்தக் குழந்தை மட்டும் முன்னணியில் போகும். கரையில் நிற்கும் எல்லாரும் அதன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள்.

மிரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விட முடியாது. போருக்குப் பிறகு நீர் புகாத பசையும் நல்ல ஒட்டுப்பலகையும் சாதாரண மக்களின் கைக்கு வந்தன. ஜாக் ஹோல்ட் என்ற வடிவமைப்பாளர் அதை வைத்து வீட்டிலேயே கட்டக்கூடிய படகுகளாக வரைந்து தள்ளினார். 1956இல் என்டர்பிரைஸ். 1963இல், தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து வேலை கற்றுக்கொடுத்துப் புகழ்பெற்ற பாரி பக்னலுடன் சேர்ந்து மிரர். டெய்லி மிரர் நாளிதழ் அதை முன்னின்று விற்றது, பாய் சிவப்பாக இருப்பதும் அதனால்தான். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடியிழைப் பட்டையும் பிசினும் ஒட்டினால் படகு. விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. அதுவரை பாய்மரப் படகு என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. அதன் பிறகு தபால்காரரும் வாத்தியாரும் கார் ஷெட்டில் படகு கட்டினார்கள். கட்டிய படகை மிதக்கவிட இடம் வேண்டுமே? மணல் அள்ளிய குழிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் கிளப்கள் முளைத்தது அந்த வேகத்தில்தான். படகைக் கையால் கட்டியவர்களே கிளப் கட்டடத்தையும் கையால் கட்டினார்கள். எங்கள் கட்டடத்தின் பின்சுவர் கொஞ்சம் சாய்வு. யாரும் அதைக் குறை சொல்ல விட மாட்டோம்.

வருஷத்தில் இரண்டு மூன்று நாள் அந்தச் சுவருக்கும் துறைக்கும் புல்லுக்கும் வேலை செய்யக் கூடுவோம். உளுத்த பலகையை மாற்றுவது, வண்ணம் அடிப்பது, யாரும் உரிமை கோராத படகுகளை ஓரம் கட்டுவது. கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து ஏரியை மூடிவிட்டால் போட்டி கிடையாது, அப்போதும் வந்து கரையில் ஏதாவது வேலை செய்வோம்.

ரெஸ்க்யூ படகு டியூட்டி எல்லாவற்றிலும் பொறுப்பானது. எங்கள் கிளப்பில் அதை ஓட்ட மோட்டார் படகுப் பயிற்சிச் சான்று கட்டாயம். ஏறியதும் செய்யும் முதல் வேலை கில் கார்டைத் தொடையில் சுற்றி மாட்டுவது. ஓட்டுநர் தவறி விழுந்தால் அந்தக் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். படகு கவிழ்ந்த இடத்துக்குப் போனதும் முதலில் தலைகளை எண்ண வேண்டும். இரண்டு பேர் ஏறிய படகில் இரண்டு தலை தெரிகிறதா? தெரிந்தால் பதற்றம் வேண்டாம். ஒரு தலைதான் தெரிகிறது என்றால், பாய்க்கு அடியிலோ கவிழ்ந்த படகுக்கு அடியிலோ கயிற்றில் சிக்கியிருக்கலாம், ஒரு விநாடி வீணாக்கக் கூடாது. தண்ணீரில் இருப்பவரை ஏற்றுகிற நேரத்தில் எஞ்சின் நின்றிருக்க வேண்டும், பின்னால் சுழல்விசிறி இருக்கிறது. படகு போனால் போகட்டும், ஆள்தான் முக்கியம் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

கவிழ்வது இந்த விளையாட்டில் சாதாரணம். படகின் அடியில் நீட்டியிருக்கும் நடுப்பலகை மேல் ஏறி நின்று உடம்பைச் சாய்த்தால் படகு நிமிர்ந்துவிடும். பெரும்பாலானோர் கையசைத்து, வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். அப்போது பக்கத்திலேயே சும்மா மிதந்துகொண்டு காத்திருப்பது ரெஸ்க்யூ ஆளுக்குக் கைவர வேண்டிய திறமை. ஆகஸ்ட், செப்டம்பரில் நீர்மட்டம் இறங்கிவிடும். அப்போது தலைகீழாகக் கவிழ்ந்த படகின் பாய்மர நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். அது மெதுவாக, பொறுமையாக எடுக்க வேண்டிய வேலை, அவசரப்பட்டால் மரம் முறிந்துவிடும். குளிர்காலத்தில் பொறுமைக்கு இடமில்லை. தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே போனபின், மூன்றாவது தடவை நிமிர்த்த முடியாமல் தொங்கும் ஆளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, ஏற்றிவிட வேண்டும்.

பந்தய விதிப் புத்தகத்தின் முதல் விதியே, ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பதுதான். இதைச் சொன்னால் லாரன்ஸ் லெமியூ ஞாபகம் வராமல் இருக்காது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் படகுப் போட்டிகள் பூசானில் நடந்தன. கனடாவின் லெமியூ, ஒற்றை ஆள் ஓட்டும் ஃபின் வகைப் போட்டி ஒன்றில் இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். பலத்த காற்று, உயரமான அலை. பக்கத்தில் வேறு போட்டியில் இருந்த சிங்கப்பூர் வீரர்கள் இருவர் படகு கவிழ்ந்து தத்தளிப்பதைக் கண்டு, தன் போட்டியை விட்டுவிட்டு அங்கே போனார். அவர்களைக் காப்பாற்றி, மீட்புப் படகு வரும் வரை காத்திருந்து ஒப்படைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் 22ஆவது இடத்தில் முடித்தார். நடுவர்கள் அந்தப் போட்டிக்கு அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள். உதவப் போய் இடத்தை இழந்தவர் நஷ்டப்படக் கூடாது என்பதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. ஒலிம்பிக்கில் நடந்த அதே விதி எங்கள் சின்ன ஏரியிலும் நடக்கிறது என்பதில் எனக்கு அளவற்ற பெருமை உண்டு.

நேர்மையும் இப்படித்தான். தண்ணீரில் விசில் ஊதும் நடுவர் கிடையாது. காற்றை இடப்பக்கத்தில் வாங்கி வருபவர் வலப்பக்கத்தில் வாங்கி வருபவருக்கு வழிவிட வேண்டும். இடித்துவிட்டால் தப்பு செய்தவர் தானே விலகி இரண்டு முழு வட்டம் போட வேண்டும், மிதவையைத் தொட்டிருந்தால் ஒரு வட்டம். யாரும் பார்க்காத தூரத்து மிதவையை லேசாக உரசிவிட்டு, தன்னந்தனியாக ஒரு வட்டம் போட்டுத் தொடரும் படகை ரேஸ் குடிசையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளை. என் மகள் இதையெல்லாம் இங்கேதான் கற்றாள்.

அவள் இப்போது டாப்பரிலிருந்து லேசர் ரேடியலுக்கு மாறியிருக்கிறாள். அதிகாரப்பூர்வமாக அதற்குப் பெயர் ஐஎல்சிஏ 6, கிளப்பில் இன்னும் எல்லார் வாயிலும் ரேடியல்தான். ஒலிம்பிக் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டுவதும் அதுதான். டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போனவர். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும் அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் இருந்தார். சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது, தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறது. ஊருக்குப் போகும்போது அவளைத் துறைமுகப் பக்கம் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று இருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது கடந்த ஆண்டுப் பொதுக்குழுவில் எழுந்த ஒரு பேச்சு. டியூட்டி செய்ய விருப்பமில்லாதவர்கள் பணம் கட்டி விலகிக்கொள்ளலாம், அந்தப் பணத்தில் ரெஸ்க்யூ படகுக்கு ஆள் வைக்கலாம் என்று ஒரு யோசனை. சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. வார இறுதியில் ஷிப்ட் வேலை பார்க்கும் செவிலியர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர், இவர்களுக்குப் பட்டியல் உண்மையிலேயே பாரம். பல கிளப்களில் இந்த ஏற்பாடு இருக்கவும் செய்கிறது.

நான் எழுந்து எதிர்த்துப் பேசினேன். பணம் கட்ட முடிந்தவர் ஒவ்வொரு ஞாயிறும் படகு ஓட்டுவார், முடியாதவர் டியூட்டி பார்ப்பார் என்று இரண்டு வகை உறுப்பினர்கள் வந்துவிடுவார்கள். இன்றைக்கு கிளப் தலைவரான கமடோரும் பாத்திரம் கழுவுகிறார், அது போய்விடும். இன்னொன்று, டியூட்டி பார்த்தவருக்குத்தான் ரேஸ் ஆபீசர் மேல் பொறுமை வரும். மிதவை கொஞ்சம் கோணலாக இருந்தால் ஏன் என்று அவருக்குத் தெரியும். டியூட்டி நாளில் போட்டியைத் தவறவிட்டவருக்குத் தொடரில் சராசரிப் புள்ளி கொடுக்கிறோம். கரையில் நின்ற நாளும் போட்டியிட்ட நாளாகவே கணக்கில் ஏறுகிறது. இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

யோசனை ஓட்டில் தோற்றது. பதிலுக்கு, நாளை மாற்றிக்கொள்வதைச் சுலபமாக்கினோம், அரை நாள் டியூட்டி கொண்டு வந்தோம், நீரில் இறங்க முடியாத முதியவர்கள் சிலர் ரேஸ் குடிசையைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். செவிலியர் இருவர் இப்போது புதன் மாலைகளில் வருகிறார்கள். ரெஸ்க்யூ பயிற்சி பெற்றவர்கள் போதவில்லை என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. இந்தக் குளிர்காலத்தில் மேலும் சிலரைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், கட்டணத்தில் பாதியைக் கிளப் ஏற்றுக்கொள்கிறது.

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. நம் பிள்ளைகளை நீச்சலுக்கும் கிரிக்கெட்டுக்கும் கொண்டுபோய் விடுகிறோம், ஏரிப்பக்கம் அதிகம் போவதில்லை. வசந்த காலத்தில் பல கிளப்கள் திறந்த நாள் வைக்கும், சிறு கட்டணத்திலோ இலவசமாகவோ ஏறிப் பார்க்கலாம். சொந்தப் படகு தேவையில்லை, கிளப் படகுகள் இருக்கும், மிதவைச் சட்டையும் தருவார்கள். போனால் படகில் ஒரு சுற்று போய்வந்த கையோடு ரேஸ் குடிசைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். எண் படிக்க ஓர் ஆள் அங்கே எப்போதும் தேவை.